நுவரெலியாப் பக்கம் குதிரையோடு காட்டோரம் தங்குவது பற்றி

வத்தளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பந்தயத்தை விட்டு ஓய்வெடுத்த குதிரைகள் இரண்டு கைவசம் இருக்கின்றனவாம். ஏப்ரல் விடுமுறையில் லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டு வந்து, இங்கே இன்னும் இரண்டை வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் நாலு பேராகக் காட்டுப் பாதைகளில் மூன்று நாள் சுற்ற வேண்டும், இரவில் காட்டுக்குள்ளேயே கூடாரம் போட வேண்டும் என்பது திட்டம். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் விடுவார்களா, குதிரைக்கு என்னென்ன கொண்டு வர வேண்டும், வீட்டு நாயையும் கூட்டி வரலாமா என்று கேட்கிறார்.

செய்யலாம் தம்பி, நல்ல ஆசைதான். ஆனால் மூன்று விஷயத்தை மாற்றச் சொல்வேன். காட்டுக்குள் வேண்டாம், காட்டோரத் தோட்டத்து நிலம் போதும். ஏப்ரல் வேண்டாம். முதல் பயணத்துக்கு அந்தப் பந்தயக் குதிரைகளும் வேண்டாம். குதிரையில் கிளம்புகிறவர்கள் பகலை நினைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள், எங்கே ஏறுவது, எங்கே நின்று படம் எடுப்பது என்று. வில்லங்கம் எல்லாம் சாயந்தரம் ஐந்து மணிக்கு மேலேதான். பன்னிரண்டு மணிநேர இருட்டில் குதிரை எங்கே நிற்கும், எதைத் தின்னும், எதைக் குடிக்கும், நோய் வந்தால் வைத்தியர் எப்படி வந்து சேருவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு கிடைத்த பிறகு, அவற்றுக்கு நடுவே பாதையைப் போடுங்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. டிக்கெட் எடுத்து, குறித்த பாதையில் நடக்கிற இடம் அது; குதிரையோடு உள்ளே போக முடியாது. பட்டிப்பொலவிலிருந்து ஓஹியாவுக்கு இறங்கும் ரோட்டும் பூங்காவுக்குள் புகுந்துதான் போகிறது, ஆகவே குறுக்கே தாண்டிப் போய்விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஹக்கல பூந்தோட்டத்துக்கு மேலே தெரிகிற காடு மனிதர் காலடியே படக்கூடாத இயற்கை ஒதுக்கம். பிதுருதலாகல உச்சியில் இராணுவக் காவல். மிச்சமுள்ள காடுகளில் பெரும்பாலானவை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அங்கே கூடாரம் போட எழுத்தில் அனுமதி வேண்டும். குதிரைக்கும் சேர்த்துக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி லொறிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

இதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. மலைநாட்டில் குதிரைக்கு ஏற்ற பாதைகள் தோட்டங்களுக்குள்தான் இருக்கின்றன. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கத்திலும் துரைமார் குதிரையில்தான் மலை பார்த்தார்கள். அவர்களுக்காக மலையைச் சுற்றி வளைத்து, சரிவு கணக்குப் பார்த்து வெட்டிய ரோடுகள் அவை. வெட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் பை தூக்கிக்கொண்டு நடக்கிற பீக்கோ டிரெயில், கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட 22 கட்டப் பாதை, பெரும்பாலும் இந்த ரோடுகளைக் கோத்ததுதான். அது நடைக்கென்று குறித்தது. குதிரை கொண்டு போவதானால் அந்தந்தத் தோட்டத்துத் துரையிடம், அதாவது மேலாளரிடம், தனித்தனியாகக் கேட்க வேண்டும். போனில் கேட்பதோடு நிறுத்தாமல் கடிதமாகக் கொடுத்து, பதிலையும் கடிதமாக வாங்குங்கள். வாசல் காவலாளிக்கு உங்கள் வாய்வார்த்தை போதாது.

ரோட்டை விட்டுக் குறுக்குப் பாதையில் மட்டும் இறங்காதீர்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் ஏறி இறங்கித் தேய்ந்த அந்தப் படிகள் இரண்டு கால் ஆளுக்குத்தான். தேயிலைக்கு நடுவே ஓடும் கான்கள், மழைத்தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால்கள், இன்னும் மோசம். மேலே புல் மூடியிருக்கும், உள்ளே முழங்கால் ஆழம். குதிரை அதில் முன்னங்காலை விட்டால் எலும்பு முறியும்.

முதல் பயணத்துக்கு நான் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்தைச் சொல்வேன். கந்தப்பளை-சீத்தாஎலிய வனம் ஒரு பக்கத்தில் கூடவே வரும். தோட்டமும் கடைவீதியும் அடுத்தடுத்து இருக்கும். நுவரெலியா நகரமும் கைக்கெட்டும் தூரம். ஹப்புத்தளையில் தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் ஏறும் ரோடு படத்தில் பார்க்க அழகுதான். ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கத்திலிருந்து திரீவீல் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அதைக் காலால் நடந்து பாருங்கள். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போடாதீர்கள். மூன்று மணிக்கெல்லாம் தங்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஏப்ரல் ஏன் வேண்டாம்? நுவரெலியாவில் அப்போது வசந்தகாலக் கொண்டாட்டம். ரோடு முழுக்க வாகனம், கிரகரி வாவிக் கரையில் ஓடும் மட்டக்குதிரைகளுக்கு மூச்சு விட நேரமில்லை. அந்த மாதக் கடைசியில் அவற்றை வாடகைக்கு எடுத்தால் களைத்துப்போன குதிரைதான் கிடைக்கும். பிற்பகல் இடிமழையும் அந்த மாதத்தில் வழக்கம். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஊவாப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை எல்லாம் காய்ந்து கிடக்கும். ஆனால் காற்று கூடாரத்தைப் பிடுங்கும், பத்தனை என்கிற மலைப் புல்வெளியில் தீப்பொறி விழுந்தால் மலை முழுக்க எரியும். அங்கே விறகு அடுப்பு என்ற பேச்சே வேண்டாம்.

இனி குதிரை. பந்தயக் குதிரை சராசரியாக 450, 500 கிலோ இருக்கும். அது வளர்ந்தது சமதரையில், மெத்தென்ற மண்ணில். மெல்லிய தோல். வத்தளை வெயிலுக்குப் பழகியது, பெப்ரவரியில் கந்தப்பளையின் விடியற்காலைக் குளிரில் நின்றால் நடுங்கும். சில நாள் புல்லில் உறைபனியே படியும். அதைக் கொண்டு வரத்தான் வேண்டும் என்றால், ஆறு எட்டு வாரம் மேடு ஏற்றிப் பழக்கி, கம்பளிப் போர்வை எடுத்து, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே இங்கே இறக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். பஸ் ஹோர்னும் தெருநாயும் பழகிய இங்குள்ள மட்டக்குதிரைகள் முதல் பயணத்துக்குப் போதும். அவற்றைப் பார்க்கிற பையனையும் சம்பளம் பேசிக் கூட்டிப் போங்கள். நீங்கள் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அவனுக்கு அந்தக் குதிரையைப் பற்றி அதிகம் தெரியும்.

வாடகைக்கு எடுக்கும்போது முகத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். சேணத்தைக் கழற்றச் சொல்லுங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு விரலால், தோளிலிருந்து இடுப்பு வரை, கொஞ்சம் அழுத்திக்கொண்டே வாருங்கள். குதிரை முதுகைக் கீழே தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ அங்கே வலி இருக்கிறது. சேணம் படும் இடத்தில் வெள்ளை மயிர்த் திட்டு இருந்தால் பழைய புண் ஆறிய இடம். நாலு காலையும் தூக்கச் சொல்லி லாடத்தை அசைத்துப் பாருங்கள். குளம்பின் அடியில் நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. ஈரத்தில் நின்றே பிழைக்கிற குதிரைகளுக்கு அது சாதாரணமாக வரும். பாரக் கணக்கும் உண்டு. ஆள், சேணம், பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 300 கிலோ மட்டக்குதிரைக்கு மொத்தமே 60 கிலோ. உங்கள் நாலு பேரில் 80 கிலோக்காரர் இருந்தால் அவர் நடந்துதான் வர வேண்டும். கோபப்பட வேண்டாம், இறக்கத்தில் எல்லோருமே இறங்கி நடப்பதுதான் நல்லது.

ஏற்றம் முடிந்து பத்து நிமிடம் நின்ற பிறகு நாடியைப் பாருங்கள். தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்தால் துடிக்கிற இரத்தக்குழாய் அகப்படும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது, ஏறி வந்த பின் பத்து நிமிடத்தில் 60க்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அன்றைய சவாரி அத்தோடு சரி.

தங்கும் இடத்துக்கு வருவோம். தண்ணீர் வேண்டும், ஆனால் ஓடைக் கரையிலேயே கட்டக்கூடாது. காட்டிலிருந்து இறங்குகிற ஓடைகளில் கறுப்பு ஹோஸ் போட்டுத்தான் கீழே லயங்களுக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, குடிதண்ணீர் போகிறது. அந்த ஹோஸ் வாய்க்கு மேலே உங்கள் குதிரை சாணம் போட்டால், அடுத்த நாள் காலை அதைக் குடிப்பது லயத்துப் பிள்ளைகள். முதலில் ஹோஸ் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குக் கீழே, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். பீலியில் விழுகிற தண்ணீரைப் பல குதிரைகள் குடிக்காது, சத்தத்துக்கு மிரளும். வாளியில் பிடித்து வைத்து, கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்தால் புதுத் தண்ணீரும் இறங்கும். இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே ஒரு வாரம் முன்னால் தொடங்கிவிடுங்கள். ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 முதல் 40 லீட்டர் வரை போகும். குட்டையில் வாயை வைத்துக் குடிக்க விடாதீர்கள், மூக்குக்குள் அட்டை ஏறும். காலில் ஏறுகிற அட்டை பெரிய விஷயமில்லை. குளம்புக்கு மேலே சவர்க்காரம் பூசிவிட்டால் குறையும்.

கட்டுவதற்கு இரண்டு மரத்துக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, இரண்டு மீட்டருக்கும் உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து தலைக்கயிறு தொங்க விடுவது நல்ல முறை. மரத்தைச் சுற்றிக் கயிறு போடாமல், லொறியில் சாமான் இறுக்கும் அகல பெல்ட்டைப் போட்டு அதில் கயிற்றை மாட்டினால் பட்டை அறுபடாது. தலைக்கயிறு மூக்கு தரையைத் தொடும் அளவுக்கு நீளமிருந்தால் போதும். நீளம் கூடினால் இரவில் காலைச் சுற்றிக்கொள்ளும். குதிரைக்குக் குதிரை மூன்று மீட்டர் இடைவெளி. மரத்தை ஒட்டிக் கட்டினால் காலால் கிளறி வேரை வெளியே எடுத்துவிடும். முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். ஏன் என்று அடுத்ததில் தெரியும்.

குளவி. மலைநாட்டில் குதிரைக்குச் சிறுத்தையைவிடக் குளவிக்குத்தான் நான் பயப்படுவேன். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் செய்தி எத்தனை படித்திருப்பீர்கள். பெரிய மரக் கிளையிலும் பாறை முகப்பிலும் கூடு தொங்கும். பருந்து கொத்தினாலும், காற்று பலமாக அடித்தாலும், அடியில் புகை போட்டாலும் கலையும். கலைந்தால் ஓடக்கூடியது ஓடித் தப்பும். கட்டிப் போட்ட குதிரை தப்பாது. எந்த மலையில் கூடு இருக்கிறது என்று கங்காணிக்கும் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் தெரியும். கூடாரம் இறக்குமுன் போய், “அக்கா, இந்தப் பக்கம் குளவி இருக்குதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதோடு மரத்தின் உச்சியையும் நீங்களே அண்ணாந்து பாருங்கள். காய்ந்த யூக்கலிப்டஸ் கொம்பும் அப்போது கண்ணில் படும். அதன் கீழேயும் படுக்க வேண்டாம்.

அடுத்தது பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு. மரக்கறித் தோட்டத்து வேலியோரமும் காட்டு விளிம்பும்தான் அதற்கு இடம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, காப்பாற்றப் பார்த்தும் இறந்துபோனது இப்படியொரு கம்பியில்தான். குதிரையின் கால் மாட்டினால் அது இழுக்க இழுக்கத் தசையை அறுத்துக்கொண்டு போகும். ரோட்டை விட்டுப் பற்றைக்குள் மேய விடாதீர்கள். கம்பி வெட்டும் குறடு ஒன்று சேணப் பையிலேயே இருக்கட்டும், கூடாரப் பையில் வேண்டாம்.

தீனி பற்றி. 300 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு ஆறு கிலோவாவது காய்ந்த புல் வேண்டும். பச்சைப் புல்லானால் 30 கிலோ, அதாவது தலைச்சுமையாக ஒரு பெரிய கட்டு. தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்களிடம் விலைக்குக் கேட்டால் அறுத்துத் தருவார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள், அது அவர்கள் மாட்டின் தீனி. தேயிலை மலை ஓரத்துப் புல்லில் களைகொல்லி அடித்திருக்கலாம். எப்போது அடித்தார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்காமல் ஒரு வாய் கூட மேய விடாதீர்கள். தீனியைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும், அந்த வலியிலேயே சாகவும் கூடும். ஆகவே கொள்ளு, தவிடு எதுவானாலும் வீட்டில் தின்பதையே கொண்டு வாருங்கள். புதுப் புல்லுக்குப் பழக்க ஒரு வாரம், பத்து நாள் வேண்டும்.

கந்தப்பளைக்காரர்கள் தாராளமானவர்கள். குதிரையைக் கண்டால் லீக்ஸ் தழையையும் கோவா (முட்டைக்கோஸ்) இலையையும் கூடையோடு கொண்டு வந்து கொட்டுவார்கள். மாட்டுக்குப் போடுகிற பழக்கம்தான். ஆனால் லீக்ஸ் வெங்காயச் சாதி, குதிரையின் இரத்தத்தைக் கெடுக்கும். கோவா வாயுவைக் கட்டும். உருளைக்கிழங்குச் செடி விஷம். கரட் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குங்கள், நீளவாக்கில் நறுக்கிப் போடுங்கள். வேலியோரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஊமத்தைப் பூ, உண்ணிச்செடி, பன்னச்செடி, காட்டு விளிம்பில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரம், இவை எல்லாமே குதிரைக்கு ஆகாது. வயிறு நிறைந்த குதிரை இவற்றைத் தொடாது. பசியோடு கட்டிப் போட்டால்தான் கைக்கெட்டியதைக் கடிக்கும்.

துரையிடம் அனுமதி கேட்கும்போதே கோயில் திருவிழாத் தேதியையும் கேட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்குத் தப்பு மேளமும் பட்டாசும் கிளம்பினால், எவ்வளவு சாதுவான குதிரையும் கயிற்றை அறுக்கப் பார்க்கும். அந்த நாளில் பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிவிடுவது புத்தி. அல்லது குதிரையை அனுப்பிவிட்டுத் தேரைப் பார்க்க நில்லுங்கள், அதுவும் நல்லதுதான்.

வைத்தியம். ஏற்பு நோய்க்கும் (டெட்டனஸ்) விசர்நாய்க் கடிக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சின்னக் கம்பிக் கீறலில்கூடக் குதிரைக்கு ஏற்பு வரும். அரச மிருக வைத்தியர் பிரதேசத்துக்குப் பிரதேசம் உண்டு, ஆனால் குதிரை பார்த்துப் பழகியவர்கள் சிலர்தான். நுவரெலியாவில் குதிரை வைத்திருப்பவர்களிடம் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அந்த வைத்தியரிடம் தேதியைச் சொல்லி வையுங்கள். பெரிய பிரச்சினை என்றால் பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. குதிரை தரையைக் காலால் கிளறி, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்து, சாணமும் போடாமல் இருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மனிதருக்கான வலி மாத்திரையைக் கரைத்து ஊற்றவும் வேண்டாம். இதற்காகவே, கூடாரம் போடும் இடம் வரை ஒரு லொறி வந்து திரும்பக்கூடிய ரோடு இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலைநாடு முழுக்க மண் சரிந்தது. தோட்ட ரோடுகள் பல அத்தோடு போய்விட்டன. போனில் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பாமல், ஒரு வாரம் முன்னால் ஒருவராவது மோட்டார் சைக்கிளில் வந்து பாதையைப் பார்த்துவிட்டுப் போங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேசவாரியாகக் கொடுக்கிறது. மஞ்சள் வந்தாலே குதிரையை மலையிலிருந்து இறக்குங்கள். செம்மஞ்சள் வரும்போது லொறிக்கு ரோடு இருக்குமோ என்னவோ.

நாய் வேண்டாம். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. பெரிய குதிரையைக் கண்டு அது பெரும்பாலும் ஒதுங்கிப் போகும், ஆனால் லயத்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இரவில் நாய் குரைத்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடும், பயந்தால் திரும்பி உங்கள் கூடாரத்துக்கும் குதிரைக்கும் நடுவேதான் வந்து விழும். குதிரைகளைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டி, ஒரு விளக்கை விடிய விடிய எரிய விட்டு, நாலு பேரும் முறை வைத்து விழித்திருங்கள். குதிரைக்குட்டியோடு இருக்கும் தாயை யாராவது வாடகைக்குத் தருகிறேன் என்றால் அதையும் எடுக்காதீர்கள்.